ஒழுகாத வீட்டின் குற்றம்

தன் கை பட்ட கூரைக்குள் மழை நுழைய வேண்டுமென்றால், அது முதலில் தன்னிடம் வந்து அனுமதி கேட்க வேண்டும் என்று கூரைக்காரர் சொல்வார். சிரிக்காமல் சொல்வார். கேட்கிறவர்களும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது உண்மை. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எல்லா வீடுகளிலும் மழையும் ஒரு குடித்தனமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கூரைக்காரர் கை பட்ட வீட்டில் மட்டும் தரையைப் பெருக்கினால் தூசி பறக்கும்.

"ஓட்டை தகரத்துல இல்லைய்யா, மனுஷன் புத்தியில இருக்கு. புத்திய அடைச்சா தகரம் தானா அடைஞ்சிரும்" என்பது அவர் தத்துவம்.

தத்துவம் கிடக்கட்டும், தொழில்தான் சரியில்லை. கூரை ஒழுகுகிறவர்களிடம் காசு கிடையாது. காசு இருக்கிறவர்களுக்குக் கூரை ஒழுகுவது கிடையாது. இந்த இரண்டு சாராருக்கும் நடுவே ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நடந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு வழி சொன்னார்: வீட்டில் ஈரம் ஆகாது, இந்த மருந்தை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். முதலாவதைக் கூரைக்காரர் அன்றைக்கே முடித்துவிட்டார். ஆணிக்கு ஆணி ரப்பர் வாஷர், மடிப்புக்கு மடிப்பு தார், ஓரத்தில் தண்ணீர் வழிந்தோட வளைத்த தகரம். இரண்டாவது, மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அவர் அதைப் பார்த்துக்கொள்வார். டப்பா நீல நிறம்.

தெருவே தன் காய்ந்த சொத்துகளை அவர் வீட்டில்தான் வைத்திருந்தது. பக்கத்து வீட்டு அரிசி டப்பா, எதிர்வீட்டுப் பிள்ளைகளின் பாடப் புத்தகம், யாரோ ஒருவரின் கல்யாணச் சட்டை. மழை பிடித்துக்கொண்டால் ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணி, இதையும் ஒரு ஓரமா" என்பார்கள். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே ஓரம் கண்டுபிடிப்பாள்.

இந்தச் சமயத்தில்தான், வளரும் நாடுகளில் வறுமையின் காரணங்களையும் விளைவுகளையும் ஒருங்கிணைந்து ஆராயும் உயர்நிலை நிறுவனம் அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தது. நிறுவனத்தின் பெயர்ப்பலகை வாசல் சுவரில் ஆரம்பித்து, பக்கச் சுவருக்குத் திரும்பி, ஜெனரேட்டர் அறை அருகே மூச்சு வாங்கி முடியும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'வறுமையின்' வரைக்கும்தான் படிக்கக் கிடைக்கும். அவ்வளவு பெரிய கட்டடமும் வறுமையினுடையது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை.

ஏழை யார் என்று கண்டுபிடிக்க நிறுவனம் பல காலம் பாடுபட்டிருந்தது. வருமானத்தைக் கேட்டால் மக்கள் பொய் சொன்னார்கள். சாப்பாட்டைக் கேட்டால் அழுதார்கள். பொய்யைக்கூட டேப்லெட்டில் ஏற்றிவிடலாம், அழுகைக்கு அதில் கட்டம் இல்லை. கடைசியில் குளிர்ப்பிரதேசம் ஒன்றில் கருத்தரங்கு போட்டு, ஒழுகல் குறியீட்டைக் கண்டுபிடித்தார்கள். கூரை ஒழுகினால் ஏழை, ஒழுகாவிட்டால் இல்லை. சொட்டு பொய் சொல்லாது, அழாது. அதிலும் படுக்கைக்கு நேர் மேலிருந்து விழும் சொட்டுதான் செல்லும். மூலையில் விழுவது வறுமை ஆகாது, அது வாழ்க்கை முறை.

ஆய்வுக்குத் தேர்வாகும் வீட்டுக்கு ஓர் அட்டை உண்டு. அட்டையைக் காட்டினால் நிறுவனத்து மருந்தகத்தில் எந்த மருந்தும் இலவசம். நிறுவனம் இரக்கப்பட்டு இதைச் செய்ததாக யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது ஏழைகள் செத்துப்போனால் தரவு கெட்டுவிடுகிறது. முந்தைய ஆய்வில் அப்படி நிறையக் கெட்டுப்போயிருந்தது.

கணக்கெடுக்க வந்த அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. அதனால் நிறுவனம் தண்ணீர் லாரியைக் கூட்டிக்கொண்டு வந்தது. குடிதண்ணீருக்காக அந்தத் தெருக்காரர்கள் எத்தனையோ மனுக் கொடுத்தும் சந்து குறுகல் என்று உள்ளே வராத லாரி, வறுமையை அளக்க என்றதும் பின்பக்கமாகவே வந்து நுழைந்தது. ஹோஸைத் தூக்கி ஒவ்வொரு கூரையாகப் பீய்ச்சினார்கள். பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். கூரைக்காரர் வீட்டு ஓரத் தகரத்தில்தான் தண்ணீர் சிந்தாமல் வழிந்தது என்பதால் அங்கேதான் கூட்டம்.

"தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க! தண்ணி புடிக்காதீங்க, ஆய்வு நடக்குது!" என்று டேப்லெட் வைத்திருந்த பெண் கத்தினாள்.

பிறகு அவள் உள்ளே வந்தாள். நல்ல பெண். செருப்பை வாசலிலேயே விட்டாள்.

"ஐயா, எங்க படுப்பீங்க?"

"இங்கதாம்மா."

அவள் அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "சொட்டலையே."

"சொட்டாது."

"கொஞ்சம்கூடவா?"

"என் கை பட்ட கூரைம்மா இது. மழையே வந்து கெஞ்சினாலும்..."

அவள் முகத்தில் வருத்தம் தெரிந்தது. தேர்வில் தோற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல, "பரவாயில்லைங்கய்யா, மனசத் தளரவிடாதீங்க" என்றாள்.

சுவரோரம் குனிந்து உட்கார்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மனைவி, "அம்மாடி, அடுப்பு நேத்தும் பத்தல" என்றாள்.

"அது போன வருஷக் குறியீடும்மா. எடுத்துட்டாங்க" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொல்லிவிட்டு, டேப்லெட்டில் எதையோ தொட்டாள். கூரைக்காரர் குடும்பம் வறுமையைக் கடந்தது.

தெருவில் மற்ற எல்லாருக்கும் அட்டை கிடைத்தது. மனைவியின் தம்பிக்கும் கிடைத்தது. அவன் பக்கத்து வீடு. சந்தையில் மூட்டை தூக்குகிறவன், முட்டி வலிக்காரன். போன மழைக்கு முன்னால்தான் கூரைக்காரரே அவன் கூரையை உயிரைக் கொடுத்து அடைத்திருந்தார். ஆகவே அவனுக்கு அட்டை கிடைத்தது அவருக்குப் பெருத்த அவமானமாக இருந்தது.

"எப்பிடிரா ஒழுகிச்சு?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "ஒரு ஆணி, ஒரு சுத்தி. அவ்வளவுதான் மாமா."

"என் வேலையிலயா ஓட்டை போட்ட?"

"உங்க வேலையிலதான். சும்மா சொல்லக் கூடாது, லேசுல விழல. கை நோவுது."

கூரைக்காரர் தெருவே கேட்கும்படி சிரித்தார். "பாத்துக்கங்கப்பா! சொந்தத் தலைக்கு மேல சொந்தக் கையால ஓட்டை போட்டுக்கிட்டு நிக்கிறான், ஏழைன்னு பட்டம் வாங்க! மூட்டை தூக்கித் தூக்கி மூளை கீழ எறங்கிருச்சு போல!"

"சிரிங்க மாமா. அக்காவுக்காக நீங்களும் ஒண்ணு போட்டா என்னவாம்? அட்டை வந்தப்புறம் அடைச்சுக்கலாம்னு பாத்தேன், சொல்லாம கொள்ளாம வந்து பாப்பாங்களாம். அடைச்சா அட்டையப் புடுங்கிருவாங்க. அக்காவ என் அட்டையில சேக்கலாமான்னும் கேட்டேன். கட்டிக்கொடுத்த அக்கா குடும்பத்துல சேத்தி இல்லையாம்."

"ஈரம் பட்டா உங்க அக்காவுக்கு இழுக்கும். மருந்து வாங்குறதுக்கு நோயக் கூப்பிட்டு உக்கார வெக்கச் சொல்றியா? போடா."

மச்சினன் போனான். போய், தன் முட்டி வலி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். டப்பாவில் ஈரம் படாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது. அவன் வீட்டில் அப்படியோர் இடம் இப்போது இல்லை.

"ஒரு ஓரமா வெச்சுக்கறேன் மாமா."

கூரைக்காரர் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவள் மூச்சைச் சிரிப்புக்கெல்லாம் செலவு செய்வதில்லை.

மழைக்காலம் நெருங்க நெருங்க அவளால் படுக்க முடியாமல் போயிற்று. உட்கார்ந்தபடியே தூங்கினாள். கூரைக்காரர் நேர்மையாகப் போய் நியாயம் கேட்பது என்று முடிவு செய்து, தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிறுவனத்துக்குப் போனார்.

நிறுவனத்தில் காரணத் துறைக்கு ஒரு கட்டடம், விளைவுத் துறைக்கு ஒரு கட்டடம். நடுவில் புல்வெளி. இரண்டு துறைத் தலைவர்களும் நெடுங்காலமாகப் பேசிக்கொள்வதில்லை. யார் காரணம் என்பது காரணத் துறைக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள்.

காரணத் துறைத் தலைவர் கூரைக்காரரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். "உங்க மனைவிக்கு மூச்சிரைப்பு. சரி. அது வறுமையால வந்தது. அப்ப அது என்ன? விளைவு. நான் காரணம் மட்டும்தான் பாக்குறேன். எதிர்க் கட்டடத்துக்குப் போங்க."

எதிர்க் கட்டடத்தில் விளைவுத் துறைத் தலைவியும் டீ வரவழைத்தார். "மூச்சிரைப்பால அவங்க வேலைக்குப் போக முடியல. வேலை இல்லாததால வறுமை. அப்ப மூச்சிரைப்பு காரணம்தானே? அவரு இதைக்கூடவா உங்ககிட்ட தள்ளிவிட்டாரு? அவரோட புத்தகத்தையே பக்கத்து அறையில இருக்கறவங்கதான் எழுதினாங்க, தெரியுமா?"

கூரைக்காரர் புல்வெளியைக் கடந்து திரும்பவும் போனார். திரும்பவும் வந்தார். டீயாகக் குடித்து வயிறு எரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தலைவியிடம் சொன்னார்.

"பசிக்குத் தனித் துறையே இருந்துச்சுங்க" என்றார் அவர் உண்மையான வருத்தத்தோடு. "நிதி நின்னுபோச்சு. மூடிட்டோம். நல்ல துறை."

புல்வெளியின் நடுவில், எந்தத் துறையையும் சேராமல் அவர் நின்றுகொண்டிருந்தபோது இயக்குநர் அந்தப் பக்கம் வந்தார். என்ன தொழில் என்று விசாரித்தார். கூரை வேலை என்றதும் அவர் கண்கள் மின்னின. தோளில் கை போட்டு, கூரைக்காரரை ஓர் அறைக்கு அழைத்துப் போனார்.

கண்ணாடிக் கதவுக்குள் ஒரு வீடு இருந்தது. கூரைக்காரரின் வீடேதான். அதே தகரம், அதே அடுப்பு, கரி பிடித்த அதே சுவர். கரியை ஓவியர் ஒருவர் வரைந்திருந்தார். ஏர்கண்டிஷன் மட்டும் கூடுதல்.

"வறுமை அனுபவ அறை" என்றார் இயக்குநர். "நாளைக்கு மாநாடு. வெளிநாட்டு வல்லுநர்கள் இதுக்குள்ள கொஞ்ச நேரம் உக்காந்து வறுமைய உணரப் போறாங்க. எல்லாம் பிரமாதமா வந்திருக்கு, சொட்டு மட்டும் சரியா வரல. காண்ட்ராக்டர் போட்ட ஓட்டையில தண்ணி ஷவர் மாதிரி கொட்டுது. அதுல குளிக்கணும்னு தோணுதே தவிர கஷ்டப்படணும்னு தோணல. நீங்க தொழில் தெரிஞ்சவரு. டொக்... டொக்னு, மனசப் பிசையற மாதிரி ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க. உங்க மனைவி விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

கூரைக்காரர் அந்தத் தகரத்தைத் தடவிப் பார்த்தார். புதுத் தகரம், கனம். அவர் வாழ்நாளில் வாங்க முடியாத ரகம். அதன் மேல் பெயின்ட்டில் துரு.

அந்த இடத்தில் அவர் தலையாட்டியிருந்தால் இந்தக் கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு வாய்தானே முன்னால் போகும்.

"நான் ஓட்டைய அடைக்கிறவன் சார். போடுறவன் இல்ல. என் கை பட்ட கூரைக்குள்ள மழை வரணும்னா என்கிட்ட அனுமதி கேக்கணும். ஓட்டை தகரத்துல இல்ல சார், மனுஷன் புத்தியில இருக்கு."

இயக்குநர் இரண்டடி பின்னால் போனார். கூரைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "திரும்பச் சொல்லுங்க" என்றார். உதவியாளரைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். "இதைத்தானே நானும் இத்தனை வருஷமா கத்திக்கிட்டிருக்கேன்! நாளைக்கு மேடையில நீங்க இருக்கணும்."

"சார், மருந்து..."

"மேடையிலயே கேளுங்க. எல்லாரும் இருப்பாங்க."

மறுநாள் கூரைக்காரர் மேடையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தண்ணீர் பாட்டில் ஒன்றும், 'வறுமையை வென்றவர்' என்ற பலகை ஒன்றும் இருந்தன. இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, நாங்க ஆரம்பிச்சப்போ இந்த நிறுவனம் வாடகைக்கு எடுத்த ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. இன்னிக்கு நிமிர்ந்து பாருங்க, எத்தனை மாடி! எத்தனையோ பேர் எங்களை விட்டுப் போனாங்க. வறுமை மட்டும் எங்களைக் கைவிடல. நாங்களும் வறுமைய ஒருநாளும் கைவிட மாட்டோம்!"

கைதட்டல்.

"நிதி குடுக்கறவங்க கேக்கறாங்க, இந்த ஆய்வு எப்ப முடியும்னு. நான் கேக்கறேன், வறுமை முடியாம ஆய்வு எப்படி முடியும்? ஆய்வு முடியாம வறுமைய எப்படி முடிக்க முடியும்? அவசரப்பட்டு யாராவது நடுவுல முடிச்சிட்டா, இத்தனை நாள் உழைப்பு என்னாகறது? இதோ இவரைப் பாருங்க. ஒரே தெரு, ஒரே மழை. எல்லா வீடும் ஒழுகுது, இவர் வீடு மட்டும் ஒழுகல. ஏன்? ஓட்டை தகரத்தில் இல்லை, மனிதனின் புத்தியில் இருக்கிறது!"

சபை எழுந்து நின்றது. கூரைக்காரர் தன் தத்துவத்தை ஒலிபெருக்கியில் கேட்டார். வீட்டில் சொன்னபோது அது இவ்வளவு அசிங்கமாகக் கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். "என் சம்சாரத்துக்கு மூச்சு விட முடியலங்க. மருந்து வேணும்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை வெளிநாட்டு மொழியில் நெடுநேரம் சொன்னார். முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் எழுந்து நின்று தட்டினார்கள். பெரிய பித்தளைக் கோப்பை ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

கீழே இறங்கும்போது அவர் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னதச் சொன்னீங்களா?"

"சொன்னேங்க. மாநாட்டுக்கு ஏத்த மாதிரி லேசா மாத்தினேன்."

"மருந்துன்னு சொன்னீங்களா?"

"சபைல அப்பிடிப் பச்சையாச் சொல்ல முடியுமா? நம்பிக்கைன்னு போட்டேன்."

இயக்குநரைத் தேடினார். அவர் அனுபவ அறையில், வல்லுநர்கள் சூழ, ஷவருக்கு அடியில் குடை பிடித்துக்கொண்டு வறுமையை உணர்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகக் கூரைக்காரரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். உதவியாளர் வெளியே வந்து விளக்கினார்: வறுமையை வென்றவர் என்று எல்லார் முன்னாலும் அறிவித்த பிறகு அட்டை கொடுத்தால், இயக்குநர் பொய் சொன்னது போல ஆகிவிடும். மறு ஆய்வு வரும். அப்போது ஒழுகினால் பார்க்கலாம். மனிதன் வழுக்கி விழுவது இயல்புதான், அதற்கென்று தனிக் கட்டமே இருக்கிறது.

மனைவி கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கனமா இருக்கு. இதக் குடுத்தா மருந்து குடுப்பாங்களா?"

"கேட்டேன். பேரு வெட்டின கோப்பைய எந்தக் கடையிலயும் எடுக்க மாட்டாங்களாம்."

அவள் அதை ஒரு ஓரமாக வைத்தாள். பக்கத்து வீட்டு அரிசி டப்பாவுக்கும் தம்பியின் மாத்திரைக்கும் நடுவில்.

மறு ஆய்வு மழையோடு சேர்ந்தே வந்தது. விடிந்ததிலிருந்து மேகம் திரண்டுகொண்டிருந்தது, இருந்தாலும் ஒழுங்கு ஒழுங்குதான் என்று லாரியும் வந்தது. தெரு முனையில் அது பின்பக்கமாக நுழையும் சத்தம் கேட்டபோது கூரைக்காரர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே மனைவி மூச்சு விடும் சத்தம் கேட்டது. கீல் துருப்பிடித்த கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல ஒரு சத்தம். அவர் எத்தனையோ கீல்களுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்.

மழை வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வரலாம் என உள்ளே போனார். மனைவி பேச முடிகிற நிலையில் இல்லை. ஆனால் வீட்டை ஒழுங்கு செய்திருந்தாள். அரிசி டப்பா, பாடப் புத்தகம், கல்யாணச் சட்டை எல்லாவற்றையும் சுவரோரம் நகர்த்தி மேலே சாக்கைப் போர்த்தியிருந்தாள். படுக்கையின் நடுவில், சரியாக நடுவில், கோப்பையை வைத்திருந்தாள். வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கூரைக்காரர் கோப்பையையும் அதற்கு நேர் மேலே இருந்த தகரத்தையும் பார்த்தார். பிறகு பழைய துணி ஒன்றைக் கிழித்துச் சுத்தியலின் தலையில் சுற்றினார், சத்தம் கேட்காமல் இருக்க. ஏணியைப் பின்பக்கமாகச் சாத்தினார்.

மேலே போனதும் கை பழக்கத்தில் ஆணிகளைத் தடவிப் பார்த்தது. எல்லா வாஷரும் கெட்டியாக இருந்தன. படுக்கைக்கு நேர் மேலே உள்ள இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. ஆணியை நிறுத்தினார். காண்ட்ராக்டர் மாதிரி அடித்துவிடக் கூடாது. ஷவர் மாதிரி கொட்டினால் அவள் தாங்க மாட்டாள். டொக்கென்று ஒரு சொட்டு, நிதானித்து இன்னொரு சொட்டு, அவ்வளவுதான் விழ வேண்டும். அதற்கு ஆணியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஓட்டையின் உதட்டை உள்பக்கமாக மடக்க வேண்டும். ஓட்டை போடுவதிலும் இத்தனை நுணுக்கம் இருக்கிறது என்று அவர் இதுவரை யோசித்ததில்லை.

முதல் அடியில் ஓட்டை விழவில்லை. ஆணி வழுக்கியது. மச்சினன் சொன்னது சரி, அவர் வேலை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.

கீழே ஏணி ஆடியது. குனிந்து பார்த்தார். மச்சினன் நின்றுகொண்டிருந்தான். துணி சுற்றிய சுத்தியலைப் பார்த்தான். ஆணியைப் பார்த்தான். தெருவே கேட்கும்படி சிரிக்க அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் சிரிக்கவில்லை. வலிக்கிற முட்டியை மடக்கி ஏணிக்கு முட்டுக் கொடுத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

லாரிக்காரன் ஹோஸைத் தெரு முனையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா" என்றான் மச்சினன், தணிந்த குரலில். "அப்ப என் மாத்திரைய இனிமே எங்க வெக்கறது?"

கூரைக்காரர் ஆணியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, மறுபடி அடித்தார்.